சேவியர் அரைக்குரலில் பாடிய மாதம்

உங்கள் கையில் கொடுத்திருக்கும் மேடைக் கையேட்டை எழுதியவள் நான். திரை எப்போது ஏற வேண்டும், எந்த விளக்கு எப்போது அணைய வேண்டும், பாடகர்கள் எப்போது பக்கத்திரைக்கு வந்து நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அரங்கத்தில் தீப்பிடித்தால் யார் முதலில் வெளியேற வேண்டும் என்பது இருக்கிறது. யார் கடைசியில் என்பதும் இருக்கிறது. அது நீங்கள்தான். வேலைக்குச் சேருவதற்கு முன்னால் யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

மேடை நிர்வாகத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லுங்கள் என்று நம் இசைப் பயிற்சி நிலையத்தில் கேட்டார்கள். பேச வரமாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன். பேசினால் நீங்கள் மரியாதைக்குத் தலையாட்டுவீர்கள். நானும் அதை நம்பிவிடுவேன். கையேட்டில் இருப்பதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. கையேட்டில் எந்தப் பக்கத்திலும் பொருந்தாத ஒரு மாலையைப் பற்றிச் சொல்கிறேன். அதில் நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு உங்களிடம் சிலர் வருவார்கள். அவர்களில் யாரும் அன்றைக்குப் பக்கத்திரையில் நிற்கவில்லை.

இந்த நிலையம் என்ன செய்கிறது என்பதை இந்த ஊருக்கு விளக்குவதிலேயே என் பணிக்காலத்தில் பாதி போயிற்று. இளைஞர்களுக்கு ஓபெரா என்கிற மேற்கத்திய இசை நாடக முறையில் பாடவும் மேடையில் நடிக்கவும் கற்றுத் தருகிறோம் என்பேன். "பாட்டா, நாடகமா?" என்று கேட்பார்கள். இரண்டும் என்பேன். "மைக் ஏன் வைக்க மாட்டேங்கிறீங்க, கரண்ட்டு பில்லா?" என்பார்கள். இந்தப் பாட்டுக்கு மைக் கிடையாது. தொண்டையும் நெஞ்சுக்கூடும்தான் ஒலிபெருக்கி. ஒரு மனிதன் வெறும் உடம்பை வைத்துக்கொண்டு பின்வரிசை வரைக்கும் கேட்கும்படி பாட வேண்டும். அதனால் பாட்டு ஆரம்பித்ததும் அரங்கத்து மின்விசிறிகளை நிறுத்திவிடுவோம். திண்டுக்கல்லில், கோடையில், முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கத்தில் விசிறியை நிறுத்தச் சொல்வது மேடை நிர்வாகியின் வேலை. "ஏம்மா, எங்கள வேகவச்சுத்தான் பாடணுமா?" என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வரும். வராத வருடம் கிடையாது. அதற்குப் பதில் சொல்லக் கூடாது என்பதையும் கையேட்டில் எழுதியிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆண் குரல்களில் மேலே ஏறிப் பாடுகிற குரலுக்கு டெனர் என்று பெயர். அதற்குக் கீழே நின்று பாடுகிற, கொஞ்சம் கனமான குரலுக்குப் பாரிடோன் என்று பெயர். இந்தப் பக்கத்தில் கோயில் பாடற்குழுக்களில் பாடியவர்கள் யாரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்கள்: டெனர் கிடைக்காது. பத்துப் பையன்கள் வந்தால் ஒன்பது பேர் கீழே பாடுவார்கள். மேலே ஒருவனாவது வேண்டுமே என்று, பத்துப் பேரில் இளமையாக ஒலிக்கிறவனைப் பிடித்து டெனரில் நிறுத்துவார்கள். சில ஆண்டுகள் அவனும் பாடுவான். கதாநாயகன் வேடம் எப்போதும் டெனருக்குத்தான் என்பதால் பையன்களும் மறுப்பதில்லை.

சேவியர் அப்படி வந்தவன். ஆத்தூர்ப் பக்கம் தென்னையும் காய்கறியும் போட்டிருக்கும் குடும்பம். பங்குக் கோயிலில் பாடிக்கொண்டிருந்தவனைக் கேட்டுவிட்டு எங்கள் குரல் வாத்தியார் நேராக அவன் வீட்டுக்கே போய் அவன் அப்பாவிடம் பேசி அழைத்து வந்தார். சேர்ந்த அன்றே டெனர் என்று முடிவாயிற்று. நல்ல பையன். நேரத்துக்கு வருவான். மேடை நிர்வாகிக்கு நேரத்துக்கு வருகிற பாடகனைவிடப் பெரிய இசை எதுவும் கிடையாது.

இறுதி ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு முழு இசை நாடகத்தில் பெரிய வேடம் ஒன்றைப் பாட வேண்டும். வெளியிலிருந்து மூன்று தேர்வாளர்கள் வருவார்கள். வேடத்தை முதலிலிருந்து கடைசி வரை தானே பாடி முடித்தால்தான் தேர்ச்சி. பாதியில் மாற்றுப் பாடகரை இறக்கினால், ஏற்கனவே எவ்வளவு நன்றாகப் பாடியிருந்தாலும், தேர்ச்சி இல்லை. சேவியருக்குப் பெங்களூரில் ஒரு பாடற்குழுவில் டெனர் இடம் காத்திருந்தது. தேர்ச்சி என்று நாங்கள் சொன்னால் அடுத்த வாரம் ரயில் ஏறலாம். அவன் அப்பா இதை ஆத்தூர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார்.

அந்த ஆண்டு நாடகத்தை எழுதி மெட்டமைத்தவர் குரல் வாத்தியார்தான். ஏரிக்கரையைக் காவல் காக்கும் ஒருவன். ஊர் அவனை ஒதுக்கி வைத்திருக்கிறது. மழையில் கரை விரிசல் விடுகிறது. தன்னைத் துரத்திய ஊரை எழுப்பிக் காப்பாற்றுவதா, விட்டுவிடுவதா என்று தவிக்கிறான். கடைசியில் கரைமேல் ஏறி ஊரைக் கூப்பிடுகிறான். அந்தக் கூப்பாடுதான் நாடகத்தின் உச்சம். டெனர் குரலின் மேல் எல்லையில் ஒரு நீண்ட சுரம். அந்த ஒரு சுரத்துக்காகத்தான் முந்நூறு பேர் விசிறி இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

நாடகத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது சேவியர் ஒத்திகையில் அரைக்குரலில் பாட ஆரம்பித்தான்.

இதில் தவறு எதுவும் இல்லை. முழுக்குரலில் தினமும் பாடினால் தொண்டை போய்விடும் என்பதால் ஒத்திகையில் பாடகர்கள் அடக்கி, மெதுவாக, மேல் சுரங்களைக் கீழே இறக்கிக்கூடப் பாடுவார்கள். உலகம் முழுக்க வழக்கம் அது. அரைக்குரலில் பாடுகிறவனை முழுக்குரலில் பாடச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது என்று எங்கள் விதியிலேயே இருக்கிறது. அதையும் நான்தான் எழுதினேன். அதற்கு முன்னால் ஒரு நடிப்பு ஆசிரியர் ஒரு பெண்ணை வற்புறுத்தி, அவள் குரல் கட்டி, பெரிய ரகளையாகியிருந்தது.

முதல் வாரம் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது வாரத்தில் பியானோ வாசிக்கும் டீச்சர் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார்.

"மிஸ், அந்தப் பையன் கொரலக் காப்பாத்தல. கொரலே இல்ல. அத மறைக்கிறான்."

"எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

வாத்தியாரிடம் போனேன். அவர் சிரித்தார். "அவங்களுக்கு எல்லாரும் சாகப் போறவங்கதான். பய ரொம்பக் கட்டுப்பாடா இருக்கான். நாளுக்குன்னு சேத்து வைக்கிறான். விடுங்க."

"எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும் மிஸ்."

படித்தவர்கள் இருவர் ஒரே பதிலைச் சொல்லி எதிரெதிர் திசையில் நின்றால் நிர்வாகி என்ன செய்ய வேண்டும் என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. பையனையே கேட்டேன்.

"நல்லாத்தான இருக்க?"

"நல்லா இருக்கேன் மிஸ். அரைக்கொரல்தான்."

அதற்கு மேல் கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. முழுக்குரலில் ஒரு தடவை பாடிக் காட்டு என்றால் நானே என் விதியை மீறியவள். சொல்லாவிட்டால் அவனிடம் குரல் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பூட்டிய பெட்டி. திறந்தால் குற்றம், திறக்காவிட்டால் குழப்பம். நான் குழப்பத்தைத் தேர்ந்தெடுத்தேன். நிர்வாகத்தில் அதற்கு "பொறுத்திருந்து பார்ப்பது" என்று பெயர்.

ஒப்பனையோடு நடந்த கடைசி ஒத்திகையிலும் அரைக்குரல்தான். கரைமேல் ஏறினான். கையை விரித்தான். கூப்பாட்டை ஒரு ஸ்தாயி கீழே முணுமுணுத்துவிட்டு இறங்கினான். பியானோ டீச்சர் என்னைப் பார்த்தார். வாத்தியார் தன் பென்சிலைப் பார்த்தார்.

மாற்றுப் பாடகன் கார்த்தி. சின்னாளப்பட்டிப் பையன், வீட்டில் சுங்குடிச் சேலைக் கடை. அவனுக்குத் தேர்வு அடுத்த ஆண்டுதான். இந்த நாடகத்தில் சேவியரின் வேடத்தை முழுக்கப் பாடம் செய்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவன் வேலை. குரல் சுத்தமான டெனர். வாய்தான் சும்மா இருக்காது.

"மிஸ், நான் ஒண்ணு சொல்லட்டா? அவன் டீக்கடைல கூட அரைக்கொரல்லதான் டீ கேக்குறான். அம்புட்டு சேமிப்பு. பேங்க்ல போட்டா வட்டியாவது வரும்."

"உனக்கு எதுவும் தெரியுமாடா?"

"சத்தியமாத் தெரியாது மிஸ். ரூம்ல கேட்டா திரும்பிப் படுத்துக்கிறான்."

அந்த மாலை வந்தது. நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை வந்திருந்தது. அரங்க வாசலில் தோரணம் கட்டியிருந்தார்கள். பெற்றோர்கள், கன்னியாஸ்திரிகள், பக்கத்துக் கல்லூரியிலிருந்து கட்டாயமாக அழைத்து வரப்பட்ட மாணவர்கள். முன்வரிசையில் மூன்று தேர்வாளர்கள். நான்காவது வரிசை ஓரத்தில் சேவியரின் அப்பா, கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில். விசிறிகளை நிறுத்தச் சொன்னேன். வழக்கமான குரல் வழக்கமானதைக் கேட்டது. திரை ஏறியது.

சேவியர் முதல் அங்கம் முழுவதையும் அரைக்குரலில் பாடினான்.

மேடையில். தேர்வாளர்களுக்கு முன்னால்.

முதல் பாட்டில் அவன் குரல் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்தேன். இரண்டாம் பாட்டிலும் அதுவே. பியானோ டீச்சர் வாசிப்பை இறக்கிக்கொண்டே போனார். வயலின்காரர்கள் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்தார்கள். அரங்கம் என்ன செய்தது என்கிறீர்களா? முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது. எங்கள் அரங்கம் அப்படி அமைதியானதே இல்லை. ஒரு குழந்தை அழுதது. தாய் எழுந்து வெளியே போனாள். அவன் பாடியது எல்லாருக்கும் கேட்டது, ஏனென்றால் எல்லாரும் கேட்க முயன்றார்கள். இது தோல்வியா, பெரிய பாடகர்கள் மட்டுமே துணியும் ஒரு காரியமா என்று எனக்குப் புரியவில்லை. தலைமைத் தேர்வாளராக வந்திருந்த அம்மா கன்னத்தில் கை வைத்திருந்தார். அதிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

இடைவேளைக்குத் திரை இறங்கியதும் ஒப்பனை அறைக்குப் போனேன். வாத்தியார், பியானோ டீச்சர், கார்த்தி எல்லாரும் எனக்கு முன்னால் அங்கே இருந்தார்கள். சேவியர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"மாத்துங்க மிஸ்," என்றார் டீச்சர். "ரெண்டாம் அங்கத்துல அந்த உச்சம் இருக்கு. அதத் தொட்டான்னா தொண்ட கிழிஞ்சிரும். அப்புறம் ஆயுசுக்கும் பாட முடியாது."

"மாத்தினா பெயில்," என்றார் வாத்தியார். "கண்ணு முன்னாடி நிக்கிற எடத்த நீங்களே தட்டி விடுறீங்க. அவன் பாடுவான். ஏலே, சொல்லுடா, பாடுவேல்ல?"

சேவியர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

மாற்றுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது மேடை நிர்வாகி மட்டும்தான். கையேடு அதில் தெளிவாக இருக்கிறது. மற்ற இருவரையும் வெளியே போகச் சொன்னேன். கார்த்தியையும் சொன்னேன், அவன் கதவுக்கு வெளியே போய் உள்ளே கேட்கிற தூரத்தில் நின்றான்.

"சேவியர், இப்ப நான் உன்னைப் பாடச் சொல்லல. கேக்க மட்டும் செய்றேன். உனக்குக் கொரல் இருக்கா, இல்லையா?"

அவன் திரும்பினான். ஒப்பனை வியர்வையில் ஓடியிருந்தது.

"தெரியல மிஸ்."

"தெரியலன்னா?"

"ஒரு மாசம் முன்னாடி மேல போறப்ப ஒடஞ்சுச்சு. மறுநாளும் ஒடஞ்சுச்சு. அப்புறம் நான் தொறந்தே பாக்கல. தொறந்து பாத்து இல்லேன்னு ஆயிருச்சுன்னா? அதான் அப்படியே வச்சிருக்கேன்."

நாங்கள் மூன்று பேரும் ஒரு மாதமாக அவன் எதையோ மறைக்கிறான், அல்லது எதையோ சேர்க்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மறைக்கவும் சேர்க்கவும் கையில் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. பெரியவர்கள் எல்லாரும் அவனிடம் பதில் இருக்கிறது என்று நம்பினோம். அதுதான் எங்கள் முட்டாள்தனம்.

இந்த இடத்தில் புத்திசாலித்தனமான ஒரு வாக்கியத்தை நான் சொன்னதாக உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மணி அடிக்க ஐந்தாறு நிமிடம்தான் இருந்தது. அவனுக்கு வைத்திருந்த வெந்நீரை எடுத்து நான் குடித்தேன்.

கதவு திறந்தது. கார்த்தி.

"மிஸ், கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், திட்டாதீங்க. அவன் மேடைல நிக்கட்டும். நான் பக்கத்திரைல நிக்கிறேன். அவனுக்கு வரலேன்னா உச்சத்த மட்டும் நான் இங்கருந்து எடுத்து விடுறேன். அவன் வாயத் தொறந்தாப் போதும்."

"அது ஏமாத்து," என்றான் சேவியர்.

"நீ பண்றது என்ன மாப்ள, அபிஷேகமா?"

ஒருவர் நடிக்க, மற்றவர் பக்கத்திலிருந்து பாடுவது பெரிய அரங்குகளில் நடந்திருக்கிறது. அப்போது திரைக்கு முன்னால் வந்து சொல்லிவிட்டுச் செய்வார்கள். எங்கள் தேர்வு விதியில் அதற்கு இடமில்லை. சொன்னால் அப்போதே பெயில். சொல்லாமல் செய்தால், சேவியர் சொன்னதுபோல, அது ஏமாற்று. ஆனால் சேவியரை வெறும் கையோடு அனுப்பவும் எனக்கு மனம் வரவில்லை.

"கார்த்தி, நீ பக்கத்திரைல நில்லு. என் கை மேல இருக்கிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. கை எறங்கினா, அவனுக்குக் கொரல் நின்னுபோச்சுன்னு அர்த்தம். அப்ப மட்டும் பாடு. எறங்கின நிமிஷம் அவன் பெயில், அதையும் நானே போய்ச் சொல்லிருவேன். புரியுதா?"

"புரியுது மிஸ்."

"சேவியர், நீ?"

அவன் எழுந்து நின்றான்.

இரண்டாம் அங்கம். மழைச் சத்தம். கரை விரிசல். நான் என் மேசையருகே நின்று வலது கையைத் தூக்கினேன். எதிர்ப் பக்கத்திரையில் கார்த்தி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். சேவியர் கரைமேல் ஏறினான். ஊரை விட்டுவிடலாமா என்று தவிக்கிற பாட்டு, இன்னும் அரைக்குரல். பியானோ நின்றது. கூப்பாட்டுக்கு முன்னால் ஒரு இடைவெளி உண்டு. அதில் அவன் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

வாயைத் திறந்தான்.

வந்த குரல் எங்களில் யாருக்கும் பழக்கமில்லாதது. பெரியது. தடித்தது. கருங்கல்லை உருட்டிவிட்ட மாதிரி நெஞ்சிலிருந்து கிளம்பியது. முதல் சொல்லிலேயே பின்வரிசையில் யாரோ நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது ஏறியது, ஏறியது. உச்சத்துக்கு ஒரு படி கீழே வந்ததும் அது அங்கே போகாது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அங்கே போகிற குரலே அல்ல அது. சேவியருக்கும் அந்த நொடியில்தான் தெரிந்திருக்க வேண்டும். அவன் உடையவில்லை. நிற்கவும் இல்லை. அந்த நீண்ட சுரத்தை ஒரு ஸ்தாயி கீழே, முழு பலத்தோடு போட்டான். மேடைப் பலகை என் காலடியில் அதிர்ந்தது.

என் கை மேலே இருந்தது. இது அவன் தவறவிட்டதா, பிடித்ததா? கையை இறக்க வேண்டுமா? தெரியவில்லை. நான் இறக்கவில்லை. முடிவு எடுத்து இறக்காமல் இருக்கவில்லை. இறக்க வேண்டும் என்று முடிவெடுக்க முடியாமல் இருந்தேன்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து அந்த மேல் சுரம் வந்தது. கார்த்தி. சுத்தமாக, மெல்லியதாக, எழுதப்பட்ட இடத்தில் எழுதப்பட்டபடி. கீழே சேவியர், மேலே கார்த்தி. இரண்டும் ஒன்றாக நின்றன. கரைமேல் ஒருவன் கூப்பிட, தூரத்திலிருந்து ஊர் விழித்துப் பதில் கொடுத்த மாதிரி இருந்தது. அப்படி எவரும் எழுதவில்லை.

திரை இறங்கியது. கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை. நான் நேராகக் கார்த்தியிடம் போனேன்.

"கை எறங்கலையேடா!"

"தெரியல மிஸ். அவன் கீழ போய்ட்டான். மேல காலியா இருந்துச்சு. தானா வந்துருச்சு."

அவனைத் திட்டுவதற்கான சொற்கள் எனக்கு வரிசையாகத் தெரியும். அவற்றை விட்டுவிட்டு அலுவலகப் பக்கம் நடந்தேன்.

தேர்வாளர்கள் அலுவலக அறையில் இருந்தார்கள். மேடை நிர்வாகி போய், வேடத்தைப் பாடகர் தானே முடித்தாரா என்ற கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். அதுதான் நடைமுறை. வாத்தியாரும் பியானோ டீச்சரும் சுவரோரம் நின்றார்கள்.

தலைமைத் தேர்வாளர் அம்மா உற்சாகமாக இருந்தார். "முதல் அங்கம் முழுக்க அடக்கி வச்சு, கடைசியில திறந்த விதம் ரொம்ப நல்ல கற்பனை. அந்தக் கூப்பாட்டுக்கு ஊர்லேருந்து பதில் வர்ற மாதிரி ஒரு குரல் வச்சிருக்கீங்களே சார், பிரமாதம்." வாத்தியாரைப் பார்த்துத்தான் சொன்னார். வாத்தியார் தலையை அசைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. பிறகு அம்மா என்னைப் பார்த்தார். "பையன் வேடத்தைத் தானே முடிச்சான், இல்லையா?"

கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. நிர்வாகியின் சைகை இல்லாமல் மேடையில் எழும் எந்த ஒலியும் நிகழ்ச்சியில் சேராது. யாராவது தும்மினாலோ, கைப்பேசி அடித்தாலோ பாடகருக்கு மதிப்பெண் குறையக் கூடாது என்பதற்காக எழுதினேன். அந்த வரியின்படி கார்த்தியின் குரல் ஒரு தும்மல். என் கை இறங்கவில்லை. சேவியரை யாரும் மாற்றவில்லை. எல்லா வரிகளையும் அவன் வாய்தான் பாடியது.

"ஆமாம்," என்றேன். "தானே முடித்தான்."

விதிப்படி அது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். பக்கம் எண்ணும் சொல்வேன்.

அம்மா பேனாவை எடுத்தார்.

"இல்லீங்க," என்றார் வாத்தியார்.

எல்லாரும் திரும்பினோம்.

"அந்தப் பதில் கொரல் நான் எழுதுனது இல்ல. அது மாற்றுப் பாடகன். இந்தப் பையனுக்கு எழுதுன சுரத்த இவன் பாடல. கீழ பாடுனான்." நிறுத்தினார். "அவன் டெனரே இல்லங்க. பாரிடோன். இன்னைக்குத்தான் கேட்டேன். எங்களுக்கு டெனர் இல்ல, அதனால நான் இவன டெனர்னு நிறுத்துனேன். அவங்கப்பாகிட்டயும் அதச் சொல்லித்தான் கூட்டியாந்தேன்."

"நீங்க பேசாம இருந்திருந்தா..." என்று பியானோ டீச்சர் ஆரம்பித்தார்.

"டெனர்னு பாசாகி, டெனர் எடத்துக்குப் போய், அங்க தெனமும் அந்த மேல் சுரத்துக்கு முட்டுவான் டீச்சர். எவ்வளவு நாளைக்கு?"

தேர்வாளர்கள் எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள்: தேர்ச்சி இல்லை. குரல் வகையை மாற்றிப் பதிந்துகொண்டு, அடுத்த ஆண்டு பாரிடோன் வேடம் ஒன்றில் வரட்டும். பெங்களூர்க்காரர்களுக்கு டெனர்தான் வேண்டும். அந்த இடம் அன்றிரவே போயிற்று.

விதியை வளைத்து அவனைத் தேர்ச்சி பெறச் செய்யப் பார்த்தவள் நான் என்று சிலர் சொல்கிறார்கள். விதியை நான் ஒரு மில்லிமீட்டர்கூட வளைக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. அவனைப் பல ஆண்டுகள் தவறான குரலில் நிறுத்திய மனிதர், தவறு தேர்ச்சி பெறப் போகிற ஒரே மாலையில் உண்மையைச் சொன்னார். பியானோ டீச்சர் அவருடன் வெகுநாள் பேசவில்லை. மாற்றச் சொன்னவர் நீங்கள்தானே, மாற்றியிருந்தாலும் தோல்விதானே என்று கேட்டால், "அது வேற" என்பார். எப்படி வேறு என்று எனக்கு ஒரு நாள் புரிகிறது, மறுநாள் புரிவதில்லை. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி சேர்க்கும்படி நிர்வாகம் கேட்டது. பலமுறை எழுதி அடித்தேன். நீங்கள் யாராவது எழுத முடிந்தால் எழுதுங்கள்.

மறுநாள் காலை சேவியரின் அப்பா வந்திருந்தார். முந்தைய நாள் சட்டையிலேயே இருந்தார். மகன் பயிற்சி அறைக்குள் வாத்தியாருடன் இருந்தான். அவர் தாழ்வாரத்தில் நின்றார். நான் நாற்காலி போடச் சொன்னேன், உட்காரவில்லை.

"நேத்து அம்புட்டு சனம் கைதட்டுச்சுல்ல?" என்றார்.

"தட்டுச்சு."

"அப்பறம் எப்படிங்க பெயிலு?"

விதியை விளக்க ஆரம்பித்தேன். அவர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே பியானோ ஒலித்தது. வாத்தியார் ஒவ்வொரு கட்டையாகத் தட்ட, சேவியர் அதைப் பாடிக்கொண்டு கீழே இறங்கினான். அடுத்த கட்டை. அதற்கும் கீழே. நேற்றுத்தான் கிடைத்த குரல், அடக்கவில்லை அவன்.

"இது என் மகந்தானா?"

"ஆமாங்க."

"இன்னும் எம்புட்டுத் தூரம் போகும்?"

"அதத்தான் பாக்குறாங்க," என்றேன். "யாருக்கும் தெரியல."

அவர் பாதி திறந்திருந்த கதவருகே போய், உள்ளே நுழையாமல், நிலைச்சட்டத்தில் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். நானும் போய் நின்றேன். வாத்தியாரின் கை இன்னும் ஒரு கட்டை இடப்பக்கம், கீழ்ச் சுரத்துக்கு, நகர்ந்தது.